பற்றவைப்பில் தங்கும் தகைவும் காந்தத்தின் சாட்சியமும்

1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், வெடிச்சத்தம் போன்ற ஓசையுடன் மேல்தளத்திலிருந்து கீழ்வரை பிளந்தது. அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. கடல் ஓட்டச் சோதனையை முடித்துக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. பிளந்த நேரத்தில் மேல்தளத்தின்மீது இருந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்ட தகைவு 70 மெகாபாஸ்கலுக்கும் குறைவு. சாதாரணக் கப்பல் எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் இளகு வலிமையில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

விசாரணை செய்தவர்களின் சந்தேகம் பற்றவைப்பின் மேல் விழுந்தது. பழைய கப்பல்கள் ரிவெட் அடித்துக் கட்டப்பட்டவை. இதுவோ முழுக்கப் பற்றவைத்துக் கட்டப்பட்டது. கட்டுமானத்தின்போதே எஃகுக்குள் பூட்டப்பட்டுவிட்ட தகைவும், பழுதான பற்றவைப்பும் முறிவுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் அந்தத் தகைவு எவ்வளவு இருந்தது என்பதைக் காட்ட வழியில்லை. முறிவு நேர்ந்த கணத்திலேயே அது விடுபட்டுப் போயிருந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் நடத்திய ஆய்வுகள், அக்காலக் கப்பல் எஃகு குளிரில் தன் உறுதித்தன்மையை இழந்து நொறுங்குவதைக் காட்டின. 1950களில் ஆலன் வெல்ஸ் பிரிட்டனில் அகலமான பற்றவைத்த தகடுகளை இழுத்துப் பார்த்தபோது, எஃகின் குறையும் பூட்டப்பட்ட தகைவும் கைகோத்தால்தான் மிகக் குறைந்த சுமையில் முறிவு வரும் என்பது தெளிவாயிற்று. எச்சத் தகைவு என்று இன்று நாம் அழைப்பது குற்றவாளிகளுள் ஒன்று என்பது உறுதியானது. அதன் அளவை, பொருளை வெட்டாமல், உடைக்காமல் அறிவது எப்படி என்ற கேள்வி அப்படியே நின்றது.

இந்தக் கேள்விக்குக் காந்த முறைகள் தரும் பதில் எவ்வளவு நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் பொருள். வாதம் இதுதான்: பற்றவைத்த எஃகின் எச்சத் தகைவை மெகாபாஸ்கல் கணக்கில் சொல்லும் அளவுகோலாகக் காந்தக் கருவியை நடத்துவது தவறு, அந்தத் தவறு பெரும்பாலும் ஆபத்தான பக்கத்திலேயே சாய்கிறது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால், வேறு எந்த முறையாலும் களத்தில் தர முடியாத சாட்சியத்தைக் காந்தம் தருகிறது.

பற்றவைப்பில் தகைவு ஏன் தங்கியே தீர வேண்டும்? எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. அதன் மீள்தன்மைக் குணகம் ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால், சுருங்கவிடாமல் பிடித்துவைக்கப்பட்ட எஃகு ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் சுமார் 2.4 மெகாபாஸ்கல் தகைவைச் சேர்த்துக்கொள்கிறது. 250 மெகாபாஸ்கல் இளகு வலிமை கொண்ட எஃகை அதன் எல்லைக்குக் கொண்டுசெல்ல சுமார் 100 டிகிரி வேறுபாடே போதும். பற்றவைப்பு உலோகமோ 1,500 டிகிரி அளவில் உருகிய நிலையிலிருந்து குளிர்கிறது. இருபுறமும் குளிர்ந்த தகடு அதைச் சுருங்கவிடாமல் பிடித்திருக்கிறது. ஆகவே பற்றவைப்புக் கோட்டின் நெடுக்கே இளகு வலிமையை ஒட்டிய இழுவிசைத் தகைவு தங்குவதும், அதற்கு ஈடாகச் சற்றுத் தள்ளிய தகட்டில் அமுக்கத் தகைவு எழுவதும் இயற்கை.

பாடநூல் சித்திரம் இத்துடன் முடிந்துவிடும். உண்மையான எஃகில் இன்னொரு நிகழ்வும் உண்டு. குளிரும் எஃகு ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பிலிருந்து வேறொன்றாக மாறும்போது கன அளவில் விரிகிறது. இந்த மாற்றம் உயர்ந்த வெப்பநிலையில் நடந்துவிட்டால் விரிவின் பயன் வீணாகிவிடும். பிறகு வரும் சுருக்கம் தகைவை மீண்டும் ஏற்றிவிடும். தாழ்ந்த வெப்பநிலையில் நடந்தால் விரிவு சுருக்கத்தை ஈடுகட்டும். ஜப்பானின் குனிஹிகோ சாட்டோ, இரு முனைகளும் அசையாமல் பிடிக்கப்பட்ட கம்பியைச் சூடாக்கிக் குளிரவிட்ட சோதனைகளால் இதைக் கண்முன் நிறுத்தினார். அனல்மின் கொதிகலன்களில் பயன்படும் 9 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட எஃகில், ஆஸ்டெனைட் கடினமான மார்ட்டென்சைட் அமைப்பாக மாறுவது 400 டிகிரியை ஒட்டியே தொடங்குகிறது. அதனால் அதன் பற்றவைப்பு உலோகத்தின் சில அடுக்குகளில் இழுவிசைக்குப் பதில் அமுக்கமே இருக்கக்கூடும்; இழுவிசையின் உச்சம் வெப்பம் தாக்கிய பகுதியின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். எங்கே எது இருக்கும் என்று ஊகிக்க முடியாது. அளந்தாக வேண்டும்.

அளக்க வழிகள் இல்லாமல் இல்லை. 1934இல் ஜெர்மனியில் யோசஃப் மாத்தார் முன்வைத்த துளையிடும் முறை இன்றும் பணிமனைகளின் நம்பிக்கைக்குரியது: மேற்பரப்பில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, நடுவே சிறு துளையிட்டு, விடுபடும் திரிபைப் படிப்பது. துளை சிறியதாக இருந்தாலும் அது துளைதான். எக்ஸ் கதிர் முறை பொருளைச் சேதப்படுத்தாது. ஆனால் வழக்கமான குரோமியக் கதிர் எஃகில் சில மைக்ரோமீட்டர் ஆழமே காண்கிறது. நியூட்ரான் கற்றை சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே செல்லும். அதற்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு பிரிட்டனின் ஐசிஸ் நிலையத்துக்கோ பிரான்சின் கிரனோபிளுக்கோ போக வேண்டும். நாற்பது டன் கொதிகலன் டிரம்முக்கு அது வழியல்ல.

இங்கேதான் காந்தம் ஆசை காட்டுகிறது. கைக்கு அடக்கமான உணரி, ஒரு புள்ளிக்குச் சில வினாடிகள், பெயின்ட்டின் மெல்லிய படலம் இருந்தாலும் பரவாயில்லை.

இதன் பௌதிகம் பழையது. இரும்பு காந்தமேறும்போது அதன் நீளம் மாறுவதை 1842இல் ஜேம்ஸ் ஜூல் கண்டார். அதன் மறுபக்கத்தை, அதாவது இழுத்தால் காந்தத்தன்மை மாறுவதை, 1865இல் இத்தாலியின் எமிலியோ வில்லாரி கண்டார். பலமற்ற காந்தப்புலத்தில் இழுவிசை இரும்பின் காந்தமேற்றத்தை உயர்த்துகிறது; புலம் வலுத்தபின் அதே இழுவிசை தாழ்த்துகிறது என்ற தலைகீழ் மாற்றத்தையும் அவரே கவனித்தார். காந்தப் பொருளுக்குள் ஒரே திசையில் காந்தமேறிய சிறு டொமைன்கள் இருக்க வேண்டும் என்று 1907இல் பியர் வைஸ் கருத்துரைத்தார். 1919இல் ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன், இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருளை ஒலிபெருக்கி அமைப்போடு இணைத்துப் புலத்தை மெல்ல மாற்றியபோது சரசரப்பு கேட்டது. டொமைன் சுவர்கள் சீராக நகராமல், தடைகளில் மாட்டி, விடுபட்டு, தாவித் தாவிச் செல்வதன் ஓசை அது. எஃகின் நுண்கட்டமைப்பிலிருந்து நேராக வந்த செய்தி என்றே அதைச் சொல்லலாம்.

தகைவு இந்தச் சரசரப்பை மாற்றுவதன் காரணத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரும்புப் படிகத்தில் காந்தமேற்றம் கனசதுரத்தின் விளிம்புத் திசைகளில் படுக்கவே விரும்புகிறது. அத்திசையில் காந்தமேறினால் படிகம் பத்து லட்சத்தில் 21 பங்கு நீள்கிறது. எனவே இழுக்கும் திசையை ஒட்டிய டொமைன்கள் ஆற்றலில் லாபம் பெற்றுப் பெருகுகின்றன. அத்திசையில் காந்தப்படுத்தினால் சரசரப்பு கூடுகிறது. அமுக்கினால் டொமைன்கள் குறுக்கே திரும்புகின்றன, சரசரப்பு குறைகிறது. 1970இல் பாஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தகைவுச் சோதனையாக முன்வைத்தார். எவ்வளவு ஆழத்திலிருந்து செய்தி வருகிறது என்பது கேட்கும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. வழக்கமான எஃகில், ஒப்புமை உட்புகுதிறன் 100 என்று கொண்டால், 100 கிலோஹெர்ட்ஸ் செய்தி சுமார் 0.07 மில்லிமீட்டர் தடிமனிலிருந்தும், 1 கிலோஹெர்ட்ஸ் செய்தி 0.7 மில்லிமீட்டரிலிருந்தும் வருகிறது. எக்ஸ் கதிருக்கும் துளையிடலுக்கும் நடுவில் விடுபட்டிருந்த ஆழம் இது.

தொழிற்சாலைகளில் இம்முறை நிலைபெற்ற இடம் ஒன்று உண்டு: கிரைண்டிங் சூட்டால் கருகிய உதிரிப்பாகங்களைப் பிடிப்பது. விமானத்தின் தரையிறங்கு கால்களில் குரோமிய முலாமைப் பிரிக்காமலே அடியில் உள்ள எஃகின் சேதத்தை உணரி சொல்லிவிடுகிறது. பற்சக்கரங்கள், கேம் தண்டுகள் இவற்றிலும் அதே வெற்றி. இந்த வெற்றிக்கான காரணம் கவனிக்கப்பட வேண்டியது. பரிசோதிக்கப்படும் ஆயிரம் பாகங்களும் ஒரே எஃகு, ஒரே வெப்பப் பதம், ஒரே வடிவம். கேட்கப்படும் கேள்வியும் ஒப்பீட்டுக் கேள்வி: இது நல்ல பாகத்தைப் போலவே ஒலிக்கிறதா, இல்லையா?

பற்றவைப்பில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட நிறைவேறுவதில்லை.

பற்றவைப்புக் கோட்டின் நடுவிலிருந்து தாய்த் தகட்டை நோக்கி நகர்ந்தால், சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் எஃகு பலமுறை தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. உருகி உறைந்த உலோகம், அதை ஒட்டி மணிகள் பெருத்த பகுதி, பின் மணிகள் நுண்ணியதான பகுதி, பாதி மாறிய பகுதி, வெறுமனே பதமேறிய பகுதி, கடைசியாக எதுவும் நேராத தகடு. டொமைன் சுவர் எங்கே மாட்டுகிறது என்பதைத் தகைவு மட்டும் தீர்மானிப்பதில்லை. மணி எல்லைகள், கார்பைடு துகள்கள், படிக அடுக்கின் இடப்பெயர்வுக் குறைகள் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தகைவே இல்லாத நிலையிலும் இப்பகுதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சரசரக்கும்.

ஆபத்து எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். பற்றவைத்தவுடன் வெப்பம் தாக்கிய பகுதியில் கடினமான மார்ட்டென்சைட் உருவாகியிருக்கிறது. அதில் இடப்பெயர்வுக் குறைகள் நெருக்கமாக இருப்பதால் டொமைன் சுவர்கள் நகரவே திணறும். சரசரப்பு மிகக் குறைவு. ஆய்வாளரோ தாய்த் தகட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டை இழுத்தும் அமுக்கியும் அளவுத்திருத்தம் செய்து வந்திருக்கிறார். அந்தக் கோட்டின்படி குறைந்த சரசரப்பு என்றால் அமுக்கத் தகைவு. உண்மையில் அந்த இடத்தில் பல நூறு மெகாபாஸ்கல் இழுவிசை இருக்கலாம். கடினமான, ஹைட்ரஜன் விரிசலுக்கு ஆளாகக்கூடிய எஃகும் அங்கேதான் இருக்கிறது. பற்றவைப்பில் மிக மோசமான இடத்தையே பாதுகாப்பான இடம் என்று கருவி சான்றளித்துவிடுகிறது. இது சற்றே கூடக்குறைய அளக்கும் பிழை அல்ல. குறியையே மாற்றிவிடும் பிழை.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. சரசரப்புக்கும் தகைவுக்குமான உறவு நேர்கோடாக இருப்பதில்லை. இழுவிசை ஏற ஏற, திரும்பத்தக்க டொமைன்கள் எல்லாம் திரும்பிவிட்டபின், சரசரப்பு கிடைமட்டமாகிவிடுகிறது. பற்றவைப்பின் தகைவு இளகு வலிமையை ஒட்டி நிற்கிறது என்று மேலே கண்டோம். ஆக, எந்த எல்லையில் அளவு மிகவும் தேவையோ அந்த எல்லையிலேயே கருவியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. அடுத்து, பற்றவைப்புக்கு நெடுக்கேயும் குறுக்கேயும் ஒரே நேரத்தில் தகைவு இருக்கிறது. ஒரு திசையில் இழுத்துச் செய்த அளவுத்திருத்தம் அதற்குப் போதாது. பட்டில், லாங்மன் முதலான ஆய்வாளர்கள் சிலுவை வடிவத் தகடுகளை இரு திசையில் இழுத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. உணரியைச் சுழற்றிப் பல கோணங்களில் அளக்கும்போது இரு முதன்மைத் தகைவுகளின் வேறுபாடும் திசையும் ஓரளவு நம்பிக்கையாகக் கிடைக்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சரசரப்பு ஒன்றை மட்டும் நம்பாமல் பல காந்த அளவுகளைச் சேர்த்துப் படிப்பது ஒரு வழி. ஜெர்மனியின் சார்புருக்கனில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் உருவாக்கிய 3எம்ஏ என்ற முறை, பார்க்ஹவுசன் சரசரப்போடு உட்புகுதிறன் மாற்றம், காந்தப்புலத்தின் மேலதிர்வுகள், சுழல் மின்னோட்டம் ஆகியவற்றையும் ஒரே உணரியில் எடுத்துக்கொள்கிறது. கடினத்தன்மை ஒருவகையாகவும் தகைவு வேறுவகையாகவும் இந்த அளவுகளைப் பாதிப்பதால், இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. இது உண்மையான முன்னேற்றம். எனினும் அந்தப் பிரிப்பு, பயிற்சிக்குக் கொடுத்த மாதிரிகளின் எல்லைக்குள்தான் செல்லும். வேறொரு எஃகையோ வேறொரு பதத்தையோ முன்னே வைத்தால் அது துல்லியமான தோற்றத்துடன் தவறான எண்ணைத் தரும். இயந்திரக் கற்றல் முறைகளை இதன்மேல் ஏற்றுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ரஷ்யாவின் அனத்தோலி டூபவ் முன்வைத்து, 2007இல் ஐஎஸ்ஓ 24497 என்ற தரமாகவும் வெளியான உலோகக் காந்த நினைவு முறையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். வெளியிலிருந்து காந்தப்படுத்தாமல், பொருளிலிருந்து தானாகக் கசியும் புலத்தைப் படித்தே தகைவு குவிந்த இடத்தைக் காட்டுவதாக அது சொல்கிறது. பற்றவைப்பைப் பொறுத்தவரை இக்கோரிக்கையை அப்படியே ஏற்க இயலாது. பற்றவைக்கும் மின்வில்லின் மின்னோட்டமே எஃகைக் காந்தப்படுத்துகிறது. காந்தக் கிரேனும் பூமியின் புலத்தில் தகடு கிடந்த திசையும் தம் தடத்தை விட்டுச்செல்கின்றன. கசியும் புலத்தில் தகைவின் பங்கைத் தனியே பிரிக்க இவை விடுவதில்லை. கூடுதல் சோதனை எங்கே தேவை என்று சுட்டிக்காட்ட அது உதவலாம், அதற்குமேல் அல்ல. ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடியா எஃகுகளோ எந்தக் காந்த முறைக்கும் பெரும்பாலும் புலப்படாதவை. கொதிகலனில் அவற்றை ஃபெர்ரைட் எஃகோடு இணைக்கும் பற்றவைப்பில் ஒரு பாதிதான் கருவியின் கண்ணில் படும்.

அப்படியானால் சரியான கேள்வி எது? இதற்கான பதிலின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ், ஜெயகுமார் முதலானோரின் குழுவினர் குரோமிய-மாலிப்டின எஃகுகளின் பார்க்ஹவுசன் சரசரப்பை நீண்டகாலம் ஆராய்ந்தனர். அவர்களின் அக்கறை தகைவின் எண்ணைவிட நுண்கட்டமைப்பின் மேல் இருந்தது. கடினப்படுத்திய எஃகைப் பதமாக்க ஆக்க, சரசரப்பின் ஒற்றை உச்சி உயர்ந்து, பின் இரண்டாகப் பிரிவதை அவர்கள் காட்டினர். மணி எல்லைகளில் மாட்டிய சுவர்கள் ஒரு புலத்திலும், கார்பைடு துகள்களில் மாட்டியவை வேறொரு புலத்திலும் விடுபடுவதே காரணம். மேலே கண்ட 9 விழுக்காடு குரோமிய எஃகின் மேம்பட்ட வகைதான் கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே குழாயின் ஒருபுறம் சோடியம், மறுபுறம் நீர். ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டால் இரண்டும் கலந்துவிடும் என்பதால், பற்றவைப்பின் தரம் அங்கே உயிர்நாடி.

இத்தகைய எஃகுகளைப் பற்றவைத்தபின் 760 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பதமாக்குவது கட்டாயம். அப்போது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நடக்கின்றன. இழுவிசைத் தகைவு தளர்கிறது; அது சரசரப்பைக் குறைக்க வேண்டும். மார்ட்டென்சைட் பதமேறி மென்மையடைகிறது. அது சரசரப்பைக் கூட்ட வேண்டும். இரண்டாவதே வலிமையானது என்பதால் மொத்தத்தில் சரசரப்பு ஏறுகிறது. தகைவுமானியாக நினைத்துப் படிப்பவருக்கு, பதமாக்கியபின் இழுவிசை கூடிவிட்டது போன்ற அபத்தமான முடிவு கிடைக்கும். பதமாக்கல் ஒழுங்காக நடந்ததா என்று மட்டும் கேட்பவருக்கோ இரு மாற்றங்களுக்கும் காரணம் ஒரே வெப்பம் என்பது போதும். இருபது மீட்டர் நீளப் பற்றவைப்பின் ஓரிடத்தில் வெப்பப் பட்டை சரியாகப் படியாமல் போயிருந்தால், மற்ற இடமெல்லாம் ஏறிய சரசரப்பு அங்கே மட்டும் ஏறாமல் நிற்கும். துளையிட்டோ எக்ஸ் கதிரிலோ அந்த நீளம் முழுவதையும் சோதிக்க யாராலும் இயலாது. காந்த உணரி அதை ஒரு பணிநேரத்துக்குள் செய்யும்.

தகைவின் எண்ணே தேவைப்படும் இடங்களிலும் காந்தம் பயனற்றதல்ல. அது தனியாக நிற்கக்கூடாது, அவ்வளவே. வெப்பம் தாக்கிய ஒவ்வொரு பகுதியின் வெப்ப வரலாற்றையும் ஆய்வகத்தில் போலச்செய்து, அந்தந்த நுண்கட்டமைப்புக்கெனத் தனித்தனி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பற்றவைப்பின் சில புள்ளிகளில் துளையிட்டோ எக்ஸ் கதிரிலோ பெற்ற அளவுகளை நங்கூரமாக வைத்து, இடைப்பட்ட பரப்பைக் காந்தத்தால் நிரப்ப வேண்டும். எந்த அதிர்வெண்ணில் காந்தப்படுத்தப்பட்டது, எந்தப் பட்டையில் செய்தி கேட்கப்பட்டது, மேற்பரப்பு கிரைண்ட் செய்யப்பட்டதா என்ற விவரங்கள் இல்லாமல் வெளியிடப்படும் மெகாபாஸ்கல் எண்ணை ஆய்விதழ்கள் ஏற்கக்கூடாது. கிரைண்டிங்கே மேல்தோலில் புதிய தகைவை விதைக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் கேட்பவர் பற்றவைப்பின் குரலுக்குப் பதில் அரைக்கல்லின் குரலைக் கேட்டுவிடுவார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் காந்த முறைகளுக்கென 2006இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. அதில் வற்புறுத்தப்படும் கவனங்கள் இன்றும் பல ஆய்வுக் கட்டுரைகளில் காணக்கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்தக் கண்டிப்பு வெறும் ஆய்வக ஒழுக்கம் அல்ல. விரிசல் கண்ட கட்டுமானத்தின் பாதுகாப்பை மதிப்பிடும் பிஎஸ் 7910, ஆர்6 போன்ற நடைமுறைகள், வேறு ஆதாரம் இல்லாதபோது வெப்பப் பதமாக்காத பற்றவைப்பில் இளகு வலிமைக்கு ஈடான எச்சத் தகைவு இருப்பதாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. பாதுகாப்பான அனுமானம்தான். ஆனால் அதன் விளைவாகத் தாங்கக்கூடிய விரிசலின் அளவு சுருங்குகிறது. சின்னக் குறையும் வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டியதாகிறது. அந்தப் பழுதுபார்ப்பே தொல்லை. நீண்ட பற்றவைப்பின் நடுவே சிறிய இடத்தில் வைக்கும் பழுதுப் பற்றவைப்பு, சுற்றிலும் இறுகிய உலோகத்தால் பிடிக்கப்பட்டுக் குளிர்வதால், குறுக்குத் திசையில் முன்பிருந்ததைவிடக் கடுமையான இழுவிசையை விட்டுச்செல்வது வழக்கம். தகைவு உண்மையில் குறைவாக இருந்த இடத்தை, அதை நிரூபிக்க வழியில்லாமல் வெட்டித் திறந்து, தகைவு மிகுந்த இடமாக மாற்றிவிடுகிறோம். நம்பத்தக்க அளவு கையில் இருந்தால் அந்தக் குறையைத் தொடாமல் கண்காணிப்பில் விடலாம். நம்பத்தகாத அளவு இருந்தால் உண்மையான ஆபத்தைத் தொடாமல் விட்டுவிடுவோம்.

இதற்கு அவசரத் தேவை புதிய கருவி அல்ல, பொது மாதிரித் தொகுப்பு. இந்தியக் கொதிகலன்களிலும் அழுத்தக் கலங்களிலும் பெருவாரியாகப் பயன்படும் எஃகு வகைகள் எண்ணிவிடக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் வெப்பம் தாக்கிய பகுதிகளின் போலி மாதிரிகளைப் பதமாக்கியும் பதமாக்காமலும் தயாரித்து, இரு திசைகளில் இழுத்து, அவற்றின் காந்தச் சரசரப்பை எல்லோருக்கும் திறந்த பதிவாக வைக்கலாம். திருச்சியில் 1975 முதல் இயங்கும் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு எஃகும் பற்றவைப்பும் கைவந்தவை. கல்பாக்கத்துக்குக் காந்த அளவீடு கைவந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு பகல் பயணம்தான். இப்படியொரு பதிவு இருந்தால், களத்தில் ஒரு பற்றவைப்பில் உணரியை வைக்கும் பொறியாளர், தன் முன் உள்ள எஃகு எந்த மாதிரியை ஒத்தது என்று கடினத்தன்மைச் சோதனையால் முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் கோட்டை மட்டுமே பயன்படுத்துவார். எந்த மாதிரியோடும் ஒத்துப்போகாத இடத்தில் எண்ணுக்குப் பதில் துளையிடும் கருவியைக் கேட்பார்.